வறண்ட இரவுக் காற்றுக்கு எவ்வளவு ஈரம்?

திருச்சி புத்தூரில் காற்று ஆண்டு முழுவதும் ஒரே குணத்தில் இருப்பதில்லை. மாசி கடைசியிலேயே பகல் காற்று உலரத் தொடங்கிவிடும். மே 4-ஐ ஒட்டிக் கத்திரி பிறந்தபின் பிற்பகல் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்குவது திருச்சியில் வழக்கம்தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வரும். மழையை மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, கரூர் வழியாக ஓடி வரும் காற்று அது. தூசியைக் கொண்டுவரும், ஈரத்தைக் கொண்டுவராது. காலையில் தொண்டை கரகரப்பு, உதட்டு வெடிப்பு, குழந்தை மூக்கிலிருந்து ரத்தம் என்று புத்தூர் வீடுகளில் பேச்சு வருவது பெரும்பாலும் இந்த மாதங்களில்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே காற்று ராத்திரி குளிர்ந்ததும், அதில் இருக்கும் தண்ணீர் கூடாமல் குறையாமல் இருந்தாலும், ஈரப்பத சதவீதம் ஏறிவிடும். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று குறைவாகத் தாங்கும் என்பதுதான் காரணம். கோடையிலும் விடியற்காலையில் திருச்சியின் வெளிக்காற்று 60, 70 சதவீதத்தைத் தொடுவதுண்டு. ஆகவே ஜன்னல் திறந்து படுப்பவருக்கு இரவுக் காற்று வறண்டு போவது அபூர்வம். படுக்கையறை வறட்சி பெரும்பாலும் அறைக்குள் நாமே உண்டாக்குவது. இதை முதலில் ஏற்றுக்கொண்டால் பாதிச் செலவும் பாதி ஆபத்தும் குறையும்.

முதலில் அளவு

அறைக்குள் ஈரம் சேர்க்கும் எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறிய மீட்டரை வாங்குங்கள். தீப்பெட்டி அளவில் டிஜிட்டல் மீட்டர் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். அதைக் கட்டிலின் தலைமாட்டு உயரத்தில், ஏ.சி. காற்று நேரே படாத இடத்தில் வையுங்கள். ஜன்னலோரமும் குளியலறை வாசலும் வேண்டாம்.

மலிவான மீட்டர் ஐந்து சதவீதம் அப்படி இப்படிக் காட்டும். அதைச் சமையலறை உப்பை வைத்தே சோதிக்கலாம். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் குழைந்து நிற்கும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூடியையும் மீட்டரையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றாக வைத்து, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விடுங்கள். ஈர உப்பின் மேலிருக்கும் காற்று, நம் ஊர் வெப்பநிலையில், 75 சதவீதத்தில் வந்து நிற்கும். உங்கள் மீட்டர் 70 காட்டினால் அது ஐந்து குறைத்துக் காட்டுகிறது. அந்த ஐந்தை எப்போதும் கூட்டிப் படியுங்கள்.

படுக்கும்போது, நடுவில் விழிப்பு வந்தால் அப்போது, எழுந்ததும் என்று சில இரவுகள் எண்ணைக் குறித்து வாருங்கள். 40-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் காற்றின் ஈரம் சரியாக இருக்கிறது. 60-ஐத் தாண்டி நிலைத்தால் மெத்தையிலும் தலையணையிலும் தூசிப்பேன் பெருகும், அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவருக்கு வறண்ட காற்றைவிட அது பெரிய கெடுதல். ஆகவே ஈரம் சேர்ப்பதைத் தொடங்கும் எண்ணைப் போலவே நிறுத்தும் எண்ணும் முக்கியம். 50 வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது என் கணக்கு.

எண் சரியாக இருந்தும் தொண்டை வறண்டால்

இது பலருக்கும் நடக்கும். மீட்டர் 50 காட்டும். காலையில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்போது அறைக்குத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

முதல் காரணம் காற்றின் வேகம். மின்விசிறியோ ஏ.சி.யின் காற்றோ இரவு முழுக்க முகத்தில் அடித்தால், ஈரமான காற்றே கண்ணையும் உதட்டையும் உலர்த்திவிடும். ஏ.சி. துடுப்பைக் கூரையைப் பார்த்துத் திருப்புங்கள். கட்டிலை நகர்த்த முடியாவிட்டால் கால்மாட்டைத் தலைமாடாக மாற்றிப் படுத்துப் பாருங்கள். இரண்டாவது மூக்கடைப்பு. மூக்கு அடைத்தால் வாய் வழியாக மூச்சு போகும். வாய்க்கு மூக்கைப் போலக் காற்றை ஈரப்படுத்தத் தெரியாது. மூன்றாவது புகை. மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளை ஏற்றிவைத்துப் படுத்தால் வரும் தொண்டை எரிச்சலை வறட்சி என்று நினைத்துக்கொள்கிறோம். பிள்ளை பெற்ற வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுவதும் இப்படித்தான். பச்சைக் குழந்தையின் நுரையீரல் எந்தப் புகையையும் தாங்காது. கொசுவுக்கு வலை கட்டுங்கள்.

நான்காவதை வீட்டுப் பெரியவர்களுக்காகவே எழுதுகிறேன். ராத்திரி வாய் உலர்ந்து, அடிக்கடி தாகம் எடுத்து, இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்தால் அது சர்க்கரை நோயின் அறிகுறியாக இருக்கலாம். சளி, அலர்ஜி மாத்திரைகளும், நீர் பிரியக் கொடுக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும், மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் வாயை உலர்த்தும். புத்தூரிலேயே மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கிறது. ரத்தச் சர்க்கரை பார்ப்பதும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுவதும் காற்றில் ஈரம் ஊதும் ஹியூமிடிஃபையர் இயந்திரம் ஒன்றை வாங்குவதைவிட மலிவு. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

ஏ.சி. அறையில்

மீட்டர் நிஜமாகவே 40-க்குக் கீழே நிற்கிறது என்றால், அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஏ.சி.க்குள் இருக்கும் குளிர்ந்த சுருளில் அறைக்காற்றின் ஈரம் பட்டுத் தண்ணீராகி, குழாய் வழியே வெளியே போகிறது. மாடியிலிருந்து தெருவில் சொட்டுவது உங்கள் அறையில் இருந்த ஈரம்தான். ஒரு பக்கம் ஏ.சி.யைக் குறைந்த எண்ணில் ஓடவிட்டு, மறுபக்கம் ஹியூமிடிஃபையரைப் போட்டால், அது ஊதுகிற தண்ணீரை ஏ.சி. பிழிந்து குழாயில் விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு இயந்திரங்களுக்கும் மின்கட்டணம் கட்டுகிறோம். தொண்டை வறண்டபடியேதான் இருக்கும்.

ஆகவே முதல் வைத்தியம் ஏ.சி.யின் எண்ணை ஏற்றுவது. நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.கள் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக. தொண்டைக்கும் அந்த விதி நல்லது. இன்னும் இரண்டு டிகிரி ஏற்றி 26-இல் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிடுங்கள். ரிமோட்டில் 'டிரை' என்ற பொத்தான் இருக்கும். அது ஐப்பசி மழை நாளுக்கானது, கோடை இரவில் தொடக் கூடாது. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் வெளிக்குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்து, 22-இல் ஓடிய இரவில் எவ்வளவு தண்ணீர், 26-இல் ஓடிய இரவில் எவ்வளவு என்று பாருங்கள். விடிகாலை மூன்று நான்கு மணிக்கு ஏ.சி. நிற்கும்படி டைமர் வைத்து, எழ முடிந்தவர்கள் ஜன்னலைத் திறந்துவிட்டால், வெளியிலிருக்கும் 60 சதவீதக் காற்று இலவசமாக உள்ளே வரும்.

படுத்திருப்பவர்களும் ஈரம் தருகிறார்கள். தூங்கும் ஒரு பெரியவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்குச் சுமார் 40 கிராம் தண்ணீரைக் காற்றில் விடுகிறார். இதற்கு என்ன பெறுமானம் என்பதை ஒரு கணக்கால் பார்க்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, கூரை பத்தடி உயரம், வெப்பம் 26 டிகிரி. அந்த அறையின் ஈரப்பதத்தைப் பத்து சதவீதம் ஏற்றத் தேவையான தண்ணீர் 80 கிராம். ஒரு காபி டம்ளர்கூட இல்லை. கதவிடுக்கு வழியே ஈரம் வெளியேறிக்கொண்டே இருப்பதால் இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் தேவை இவ்வளவு சிறியது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். கடையில் விற்கும் அல்ட்ராசோனிக் ஹியூமிடிஃபையர்கள் பலவும் முழு வேகத்தில் மணிக்கு 200 முதல் 300 மில்லி வரை ஊதக்கூடியவை. நம் ஊர் அறைக்கு அது அதிகம்.

ஈரத்துணி

எனக்குப் பிடித்த வழி இதுதான், தயங்காமல் முதலிடம் தருவேன். துவைத்த நான்கு முழ வேட்டி ஒன்றையோ பருத்தித் துண்டு இரண்டையோ நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டாமல் பிழிந்து, துணி காயப்போடும் ஸ்டாண்டில் விரித்துவிடுங்கள். பிழிந்த வேட்டியில் தோராயமாக 200 மில்லி தண்ணீர் நிற்கும். சந்தேகமிருந்தால் சமையலறைத் தராசில் உலர்ந்தபோது ஒரு முறை, பிழிந்தபின் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள்.

துணியின் பெரிய நற்குணம், அறைக்காற்று ஈரமாக ஆக அது காய்வதும் மெதுவாகிவிடும் என்பது. மின்சாரம் வேண்டாம். இரைச்சல் இல்லை. தண்ணீரில் இருக்கும் உப்பும் கிருமியும் பெரும்பாலும் துணியிலேயே தங்கிவிடும். நீராவி மட்டும் காற்றில் சேரும்.

சில எச்சரிக்கைகள் உண்டு. சுற்றுகிற சீலிங் ஃபேன் எட்டாத இடத்தில் ஸ்டாண்டு நிற்க வேண்டும். சுவிட்ச் போர்டுக்கும் இன்வெர்ட்டருக்கும் மேலே துணி தொங்கக் கூடாது. வாசனைத் திரவத்தில் ஊறிய துணி வேண்டாம்; மூடிய அறையில் அந்த வாசனை ஆஸ்துமாவைக் கிளப்பும். அதே துணியை மறுநாள் அப்படியே நனைக்காமல், துவைத்து வெயிலில் காயவைத்து எடுங்கள். இரண்டு துணிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும். தொட்டிலருகே, குழந்தையின் கைக்கெட்டும் தூரத்தில் எந்தத் துணியும் தொங்க வேண்டாம்.

வெட்டிவேர்த் தட்டியும் இதே வேலையைச் செய்வதுதான். ஜன்னலுக்கு வெளியே கட்டித் தண்ணீர் தெளித்தால் மேல்காற்று அதன் வழியே ஈரமாகி வரும். ஆனியில் புத்தூர் வீடுகளின் மேற்கு ஜன்னலுக்கு மிகப் பொருத்தம். ஈரம் காயாமல் நாள்கணக்கில் தொங்கினால் வேரில் பூஞ்சை பிடித்து, வாசனை மாறிவிடும். காலையில் தட்டியைக் கழற்றி வெயிலில் போடுங்கள்.

அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைப்பதால் வரும் ஈரம் மிகக் கொஞ்சம். கேடு அதைவிட அதிகம்: தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் வாளியோ அண்டாவோ தண்ணீருடன் இருக்கவே கூடாது. சில அங்குலத் தண்ணீர் போதும் உயிர் போக. படுக்கும் முன் ஈரத்துணியால் தரையைத் துடைப்பது நல்ல பழக்கம், ஆனால் வயதானவர் ராத்திரி எழுந்து நடக்கும் வழியில் தரை காய்ந்திருக்க வேண்டும்.

ஹியூமிடிஃபையர் வேண்டியவர்கள்

சிலருக்கு மருத்துவர் சொல்லி இயந்திரம் தேவைப்படும். அப்படி வைத்திருப்பவர்கள் ஒரு விதியை வீட்டிலுள்ள எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்: தொட்டிக்குள் தண்ணீரைத் தவிர எதுவும் போகக் கூடாது. டெட்டால், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், வாசனை எண்ணெய், எதுவுமே கூடாது.

இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம் தென்கொரியா. அங்கே 1994 முதல் ஹியூமிடிஃபையர் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினி திரவம் கடைகளில் விற்கப்பட்டது. குழந்தைக்குச் சுத்தமான காற்று கிடைக்கட்டும் என்று தாய்மார்கள் ஆசையோடு வாங்கிக் கலந்தார்கள். 2011 வசந்தத்தில் சியோலில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு, கர்ப்பிணிகளும் அப்போதுதான் பிள்ளை பெற்றவர்களும், காரணம் தெரியாத நுரையீரல் நோயோடு ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். அந்த ஆண்டே விசாரணையில் திரவம்தான் காரணம் என்று தெரிந்து, விற்பனை நிறுத்தப்பட்டது. தோலில் பட்டால் பெரிய கெடுதல் செய்யாத ரசாயனம், நுண்துளியாகி நுரையீரலுக்குள் போனதும் அதைத் தழும்பாக்கிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டதாக அந்த அரசே ஏற்றுக்கொண்டது. இறந்தவர்களில் பச்சைக் குழந்தைகள் பலர். கைக்குப் பாதுகாப்பானது மூச்சுக்கும் பாதுகாப்பானதாகிவிடாது. குழந்தைகளுக்குக் கற்பூரம் வலிப்பையே வரவழைக்கக்கூடியது என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர்? அல்ட்ராசோனிக் வகை தண்ணீரைக் கொதிக்கவைப்பதில்லை, அதிர்வால் உடைத்துத் துளியாக வீசுகிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் கிருமியும் அந்தத் துளியோடு காற்றில் ஏறும். புத்தூரில் போர் தண்ணீரை ஊற்றினால் மறுநாள் கண்ணாடியிலும் மேஜையிலும் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். அதே பொடி மூச்சிலும் போயிருக்கும். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. ஆர்.ஓ. தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுங்கள், அல்லது வாலைவடிநீர் வாங்குங்கள். இன்வெர்ட்டருக்கென்று பிடித்துவைக்கும் ஏ.சி. தண்ணீரில் உப்பு குறைவுதான். ஆனாலும் அது சுருளின் தூசியையும் அழுக்கையும் கழுவிக்கொண்டு வந்தது. மூச்சுக்குப் போகும் இடத்தில் அது வேண்டாம்.

தினமும் காலையில் மிச்சத் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைத் துடைத்துக் கவிழ்த்துவையுங்கள். நேற்றைய தண்ணீர்மேல் இன்றையதை ஊற்றுவதுதான் மிக மோசமான பழக்கம். மூன்று நாளுக்கு ஒரு முறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து அரை மணி ஊறவைத்துத் தேய்த்து, வாசனை போகும்வரை அலசுங்கள். வினிகரோடு பிளீச்சிங் பவுடரை ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். இயந்திரம் கட்டிலிலிருந்து மூன்றடியாவது தள்ளி, சுவரையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் பார்க்காமல் இருக்கட்டும். சுவரிலோ ஜன்னல் கண்ணாடியிலோ வியர்வை கட்டினால் அப்போதே நிறுத்திவிடுங்கள்.

வெந்நீரிலிருந்து ஆவி வரும் வேப்பரைசரைச் சளிக்குப் பத்து நிமிடம் பிடிக்கலாம். இரவு முழுக்க ஓடவிட்டுத் தூங்கவே கூடாது. குழந்தை வயரை இழுத்தால் கொதிநீர் மேலே கொட்டும்.

வீட்டில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு விதி இன்னும் கடுமையானது. அதன் குமிழிப் பாட்டிலில் கிருமி நீக்கிய தண்ணீர் மட்டும் ஊற்றி, தினமும் மாற்ற வேண்டும். 2021 கோடையில் கரும்பூஞ்சை நோய் நாடெங்கும் பரவியபோது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தந்த அறிவுரைகளில் கிருமி நீக்கிய தண்ணீர் என்பதும் ஒன்று.

கூலர்

பகல் மூன்று மணிக்கு நன்றாகக் குளிர்வித்த கூலர் ராத்திரி பதினொரு மணிக்குப் புழுக்கத்தைத் தருகிறதே என்று பலரும் கேட்பார்கள். பகலில் காற்று காய்ந்திருக்கிறது, தண்ணீர் வேகமாக ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ராத்திரிக் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் குளிர்ச்சி கொஞ்சம்தான் வரும், ஈரம் மட்டும் ஏறும். கூலர் வெளிக்காற்றை இழுக்கும்படி ஜன்னலில் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஒரு சாண் திறப்பாவது வேண்டும். மூடிய அறையின் நடுவில் வைத்தால் மீட்டர் சீக்கிரமே 80-ஐக் காட்டும். படுக்கும் நேரத்தில் எண் 50-ஐத் தாண்டியிருந்தால் பம்பை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிடுங்கள்.

இரும்பு உடம்பு, உள்ளே தண்ணீர், மின்மோட்டார்: இம்மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் கூலரைத் தொட்டவர்கள் மின்சாரம் தாக்கி இறந்த செய்தி கோடைதோறும் வருகிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் அதைப் போட்ட பிறகே கூலரை ஓட்டுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் பிளக்கையே கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கூலர்த் தொட்டி பிடித்தமான இடம். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை தொட்டியைக் காலிசெய்யச் சொல்கிறார்கள். கொட்டினால் மட்டும் போதாது: முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், உலர்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தேங்காய் நாரால் சுவரைச் சுற்றித் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, பிறகு நிரப்புங்கள்.

மூக்குக்கும் கண்ணுக்கும்

அறை முழுவதையும் நனைப்பதைவிட, உலர்கிற இடத்தை மட்டும் நனைப்பது பல நேரம் போதும். மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர் மூக்குச் சொட்டைப் படுக்கும் முன் விடலாம், குழந்தைக்கும் ஆகும். மூக்கில் எண்ணெய் விடும் பழக்கம் குழந்தைக்கும் படுத்த படுக்கையாக இருப்பவர்க்கும் வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிக் கெடுதல் செய்யும். கண் உலர்ந்து உறுத்தினால், மருத்துவர் பார்த்துச் சொல்லும் சொட்டு மருந்தே சரி.

குழந்தைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். உட்காரவைத்து, முன்பக்கம் குனியச் சொல்லி, மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நடுவில் விட்டு விட்டுப் பார்த்தால் கட்டிய ரத்தம் கலையும். இருபது நிமிடமாகியும் நிற்காவிட்டாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவருக்கு வந்தாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மழை வந்ததும்

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் புத்தூர்க் காற்று இரவும் பகலும் 70, 80 என்று நிற்கும். அதற்குப் பிறகு தை வரைக்கும் அறைக்கு ஈரம் சேர்க்கும் வேலையே இல்லை. மார்கழி இருமலுக்குக் குளிரும் பனியும் சளியும் காரணமாக இருக்கலாம்; வறட்சி இருக்காது. அந்த மாதங்களில் துணியை அறைக்குள் காயப்போடுவதைத் தவிருங்கள், அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். ஹியூமிடிஃபையரையும் கூலரையும் தேய்த்துக் கழுவி, பம்பு, குழாய், கூலர் பேடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெயிலில் உலர்த்தி, சொட்டு ஈரமும் இல்லாமல் மூடி வையுங்கள். மாசியில் வெளியே எடுத்ததும் மறுபடி ஒரு முறை கழுவி, மீட்டருக்குப் புது பேட்டரி போட்டு, உப்புச் சோதனை செய்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.